மூணாவது டம்ளர்

மிச்சம் பிடிக்கறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லல, எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எனக்குப் பேரே மிச்சம்மா. கிண்டலுக்கு வெச்ச பேர்தான், அதுவே நிலைச்சுப் போச்சு. போன வருஷம் நூலகத்துக்காரர் வீடு தேடி வந்து, "எங்க பின்னறை சும்மாத்தான் கிடக்கு, சனிக்கிழமை காலையில வந்து நாலு பேருக்குச் சொல்லிக் குடுங்களேன்"னு கேட்டார். எனக்கா பேச வராது? அன்னைக்குப் பிடிச்சு ஒரு வாரம் கூட விட்டதில்ல.

கிழிஞ்ச பேன்ட்டோட கால் ரெண்டையும் வெட்டி, அடியில ஒரு தையல் போட்டா காய்கறிப் பை. பழைய போர்வைய நாலா மடிச்சுத் தைச்சா கால்மிதி. காஞ்ச ரொட்டிய நுணுக்கி வெச்சா வறுவலுக்கு மேல்மாவு. மிச்சச் சோறுன்னு வந்துட்டா எனக்குக் கை நிக்காது. வெங்காயம் போட்டுத் தாளிப்பேன், பிசைஞ்சு உருட்டிப் பொரிப்பேன், அரைச்சு மாவுல கலப்பேன், பால் ஊத்திக் கூழ் மாதிரி காய்ச்சுவேன். நேத்துச் சோத்துல மட்டும் முப்பத்தொரு பலகாரம் சொல்லியிருக்கேன். வர்றவங்க நோட்டுல எழுதிக்குவாங்க.

ஒரு சனிக்கிழமை முப்பத்திரண்டாவதைச் சொல்லிட்டு இருந்தேன். மூலையில ஒரு புதுப்பொண்ணு, கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகல. கையைத் தூக்கினா.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. தினமும் இவ்வளவு மிச்சமாகுதே, அளவாச் சமைச்சுட்டா போதாதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. "பெரிய கெட்டிக்காரி, அடுத்த வாரம் நீயே வந்து கிளாஸ் எடு"ன்னு சள்ளுனு விழுந்துட்டு, பையைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்.

ஏன்னா, நான் அளவாத்தான் சமைக்கிறேன். வீட்ல நானும் வீட்டுக்காரரும் ரெண்டே பேர். ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் அரிசி, ரெண்டே டம்ளர். தலை தட்டித்தான் போடுவேன். ஆனா ஆறு வருஷமா, ஒரு நாள் தப்பாம, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சட்டியில ஒரு ஆள் சோறு மிஞ்சி நிக்கும். டம்ளரை மாத்திப் பார்த்தேன். அரிசிய மாத்திப் பார்த்தேன். டின்ல அரிசியும் கணக்குக்கு மேல குறைஞ்சுட்டே வந்துது. எலிதான்னு பொறி வெச்சேன். இது வரைக்கும் ஒரு எலியும் மாட்டல.

எலி மட்டும்னா அந்தப் பொண்ணு மேல நான் அப்படி விழுந்திருக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

எங்களுக்கு ஒரே பையன். சின்ன வயசுல இருந்தே ஊஞ்சல்னுதான் கூப்பிடுவோம். நாற்காலியில ஒழுங்கா உக்காரவே மாட்டான். பின்னங்கால் ரெண்டுல சாய்ஞ்சு, டொக்கு டொக்குனு ஆட்டிக்கிட்டேதான் சாப்பிடுவான். இருபத்திரெண்டு வயசுல செல்போன் கடையில வேலைக்குப் போனான். ஆறு வருஷம் முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் தட்டைப் பார்த்துட்டு, "மூணு நாளா அதே சோத்தை வேஷம் மாத்தி மாத்திப் போடறே"ன்னான். சொன்னதோட விட்டிருந்தா பரவால்ல. எந்திரிச்சுப் போய் குப்பைக் கூடையில கொட்டினான்.

எனக்கு மூக்குக்கு மேல கோபம். "சோத்தையா கொட்டறே? இனிமே இந்த வீட்ல உனக்கு ஒரு பிடி சோறு கிடையாது, போடா!"ன்னு கத்தினேன்.

அவன் திரும்பி வந்தான். நாற்காலிய மேஜைக்கு அடியில ஒழுங்காத் தள்ளினான். பிறந்ததுல இருந்து அவன் அப்படிச் செஞ்சதே இல்ல. செருப்பை மாட்டினான், போயிட்டான். ரெண்டு மூணு மணி நேரத்துல வந்துடுவான்னு நெனச்சேன். ஒரு வாரம் போன் அடிச்சுது, எடுக்கல. அப்புறம் அந்த நம்பரே உபயோகத்துல இல்லைன்னு சொல்லுச்சு. துறைமுகத்துல வேலை செய்யறான்னு யாரோ சொன்னாங்க. போய்த் தேடினோம். அங்கேயும் இல்ல.

அவன் சாமான் எதையும் நான் வீணாக்கல. அதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. கட்டில் பலகையில சமையலறைக்கு அலமாரி அடிச்சாச்சு. நாற்காலி முதுகு உடைஞ்சதும் அறுத்து ஸ்டூலாக்கிட்டேன். அந்த ஸ்டூல் இன்னும் பின்பக்கமாத்தான் சாயும். அடியில என்ன அட்டை வெச்சாலும் யாரும் உக்காராதப்பவே டொக்குன்னு ஒரு சத்தம் வரும். மூணு மாசம் முன்னாடி, கடைசியா எடுத்து வெச்சிருந்த கட்டம் போட்ட நீலச் சட்டையில பூச்சி அரிச்சிருந்துது. மனசைக் கல்லாக்கிட்டு வெட்டி, வீட்டுக்காரர் பாத்திரம் கழுவறப்ப முன்னால கட்டிக்க மேல்துணி ஒண்ணு தைச்சேன். பாக்கெட் நல்லா இருந்துது, பிரிக்க மனசு வரல. அப்படியே விட்டுட்டேன்.

வாரத்துக்கு ஒரு நாள் ராத்திரி அதைத் துவைக்க எடுப்பேன். முதல் தடவை பாக்கெட்டை வெளியே இழுத்துத் திருப்பறப்ப உள்ளே இருந்து நாலு அரிசி விழுந்துது. சமைக்காத அரிசி. சரி, சமையலறைத் துணிதானேன்னு விட்டுட்டேன். அடுத்த வாரமும் அரிசி. அதுக்கடுத்த வாரமும்.

யார்கிட்ட சொல்லுவேன்? பிடி சோறு கிடையாதுன்னு விரட்டினவ நான். இப்ப அவன் சட்டைப் பையில அரிசி, சட்டியில ஒரு ஆள் சோறு. உயிரோட இருக்கறவன் வீட்டுக்கு வந்தா கதவைத் தட்டுவான். பாக்கெட்ல அரிசியா வந்து நிக்க மாட்டான். என் பிள்ளை எங்கேயோ போய்ச் சேர்ந்துட்டான், அந்த ஒரு பிடியக் கேட்டுத்தான் தினமும் வந்து போறான். இதைத்தான் நான் மூணு மாசமா நெஞ்சுல சுமந்துக்கிட்டு, ஊர்க்காரிகளுக்குச் சோத்து உருண்டை சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன்.

அந்தப் பொண்ணு கேட்ட அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இன்னைக்குச் சட்டியை விட்டு நகரப் போறதில்ல. வர்றது எதுவா இருந்தாலும் கண்ணால பார்த்துடறது.

சாயங்காலம் ரெண்டு டம்ளர் அரிசி அளந்தேன். கழுவினேன், அடுப்புல ஏத்தினேன், முன்னாடியே நின்னேன். வழக்கமா அந்த நேரத்துக்குத்தான் பின்பக்கம் போய்க் காயப்போட்ட துணியெல்லாம் எடுத்துட்டு வருவேன். வீட்டுக்காரர் வாசப்படியில வந்து நின்னார். அச்சகத்துல புத்தகம் கட்டற வேலை அவருக்கு. ஊமைக்கோட்டான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம்.

"துணி எடுக்கலையா?"

"அப்புறம் எடுக்கறேன்."

கொஞ்ச நேரத்துல தூறல் போட்டுது.

"துணி நனையுது."

"நனையட்டும்! நனைஞ்சா துணி செத்தா போயிடும்?"

சோறு வெந்துது. ரெண்டு தட்டுல போட்டேன். கரண்டி சட்டியோட அடியைச் சுரண்டுச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆறு வருஷம் ஆச்சு. ஒரு பருக்கை மிச்சமில்ல.

நியாயமா எனக்கு நிம்மதி வந்திருக்கணும். வரல. வீடே காலியானாப்பல இருந்துது. வாசல் வரைக்கும் வந்தவனை ரெண்டாவது தடவையும் நானே துரத்திட்டேன்னு தோணுச்சு. தட்டுல கை வெச்சேன், பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

அவர் தன் தட்டைத் தொடவே இல்ல. இன்னொரு தட்டை எடுத்து மேல மூடினார். "பசிக்கல"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

மறுநாளும் நான் நகரல. அன்னைக்கும் மூடி வெச்சார். "வயிறு சரியில்ல." மூணாவது நாள் வேலையில இருந்து வர்றப்பவே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்துது. அந்த ஆடற ஸ்டூல்ல உக்காந்து, நான் போட்ட தட்டை இழுத்தார், மேல மூட இன்னொரு தட்டையும் எடுத்தார். எனக்கு வந்துதே கோபம்!

"என்னங்க, என்னதான் நெனச்சிட்டிருக்கீங்க? மூணு ராத்திரி பட்டினி கிடந்து யாருக்கு என்ன சாதிக்கப் போறீங்க? நான் வடிச்சது விஷமா?"

"சத்தம் போடாத. ஒரு ஆள் சோறு இருக்கணும். அவ்வளவுதான்."

"யாருக்கு?"

மெதுவா எந்திரிச்சார். கதவுக்குப் பின்னாடி மாட்டியிருந்த மேல்துணியை எடுத்தார். அந்த நீலப் பாக்கெட்டை மேஜை மேல கவுத்தார். கொட்டுச்சு அரிசி. சரியா ஒரு டம்ளர் இருக்கும்.

"மூணு நாளா போட முடியல. நீ நகரவே இல்ல."

சுவத்துல சாஞ்சுக்கிட்டேன். காலையில நான் குளிக்கப் போறப்ப டின்ல இருந்து எடுத்து வெச்சுக்குவாராம். சாயங்காலம் நான் துணி எடுக்கப் போறப்ப சட்டியில போட்டுக் கிளறி விட்டுடுவாராம். மேல்துணி தைக்கறதுக்கு முன்னாடி கைக்குட்டையில முடிஞ்சு வெச்சிருக்கார். எல்லாத் துணியும் என் தலையில கட்டற மனுஷன் கைக்குட்டையை மட்டும் ஏன் தானே துவைக்கறார்னு ஒரு நாளாவது யோசிச்சேனா நான்?

"அப்ப... அது அவன் இல்லையா?"

"எது?"

சொன்னேன். பாக்கெட்ல கிடந்த அரிசி, என் பயம், அவன் செத்துட்டான்னு நான் நெனச்சது, எல்லாத்தையும் அழுது அழுது சொன்னேன். கேட்டுட்டு அவர் தலையில அடிச்சுக்கிட்டார்.

"அடிப் பைத்தியக்காரி. அவன் எங்கேயோ இருக்கான். இருப்பான். நீ அன்னைக்குச் சொன்னியே, ஒரு பிடி சோறு கிடையாதுன்னு. உன்கிட்ட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு கிடையாது. என்னால முடிஞ்சது இதுதான். அவன் என்னைக்கு வந்து நின்னாலும் சட்டியில ஒரு பிடி இருக்கணும். நீ சொன்னது பொய்யாகணும்."

கல்யாணமானதுல இருந்து அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாப்பல பேசி நான் கேட்டதில்ல.

ஆறு வருஷம். ஒவ்வொரு ராத்திரியும் இந்த மனுஷன் வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருந்திருக்கார். காலையில நான் எந்திரிச்சு, ஐயோ மிஞ்சிப் போச்சேன்னு அதை வறுத்து, பொரிச்சு, அரைச்சு, ஊருக்கெல்லாம் மார் தட்டியிருக்கேன். அத்தனை பேர் நோட்டுல எழுதிக்கிட்டுப் போன முப்பத்திரண்டு பலகாரமும் என் பிள்ளை வந்து சாப்பிடாத சோறு. எனக்கு என் நாக்கை அறுத்துப் போட்டுடலாமான்னு இருந்துது.

மேஜை மேல கிடந்த அரிசியை ஒண்ணு விடாம கையால கூட்டி அள்ளினேன். கழுவினேன். அடுப்பை மறுபடி பத்த வெச்சேன்.

"இனிமே நீங்க போடாதீங்க"ன்னேன். "சொன்னவ நான். நான்தான் போடணும்."

அவர் ஸ்டூல்ல உக்காந்து, மூணு நாளைக்கு அப்புறம் சாப்பிட ஆரம்பிச்சார். நான் பக்கத்துல நின்னு போட்டுக்கிட்டே இருந்தேன். அடுப்புல அந்த ஒரு டம்ளர் அரிசி தனியாக் கொதிச்சுது. முடிச்சுட்டு அவர் கை கழுவப் போன பிறகு ஸ்டூல் டொக்குன்னு ஒரு தடவை சாஞ்சு நிமிந்துது. இந்தத் தடவை நான் அடியில அட்டை தேடிப் போகல.

அடுத்த சனிக்கிழமை அந்தப் புதுப்பொண்ணு வருவாளோ மாட்டாளோன்னு இருந்தேன். வந்தா. பயந்து போய்க் கடைசியில உக்காந்திருந்தா. நானே கூப்பிட்டேன்.

"போன வாரம் ஒண்ணு கேட்டியேம்மா, அளவாச் சமைச்சா போதாதான்னு."

"ஐயோ அம்மா, ஏதோ தெரியாம..."

"நல்லாத்தான் கேட்டே. நான் அளவாத்தான் சமைக்கிறேன். ஆளுக்கு ஒரு டம்ளர், மூணு டம்ளர்."

"நீங்க ரெண்டு பேர்தானே இருக்கீங்க?"

"இல்லம்மா, மூணு பேர்"னு சொன்னேன். "பையன் இன்னும் வீட்டுக்கு வரல."