பயம் சுரக்கும் இடம்

மலையிலிருந்து இறங்கும் பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவின் தொடக்கத்தில், செங்கோடன் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தான். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. எதிரே வண்டி வரவில்லை. பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கீழே அடுத்த வளைவும் அதற்கடுத்ததும் கழுவிவிட்ட மாதிரி தெளிவாகத் தெரிந்தன. சோளக்காடு சந்தையில் ஏற்றிய அன்னாசியும் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளும் பின்னால் கயிற்றுக்குள் அடங்கிக் கிடந்தன. காலை எடுத்தால் போதும், பிக்கப் தானாக இறங்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்தப் பாதையில் ஓட்டுகிறவன் அவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த வளைவில் எந்தக் கியர் என்று சொல்வான். இன்று கால் நகரவில்லை. நெஞ்சு காதுக்குள் அடித்தது. காலை எடுத்த மறுகணம் வண்டி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு மரங்களுக்கு மேல் பறப்பதை, மூட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து விழுவதை, அவன் ஏற்கெனவே நடந்து முடிந்ததைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் பாப்பாயி இருந்தாள். கிழங்கு மூட்டைகளில் பாதி அவள் காட்டில் விளைந்தவை. சேந்தமங்கலத்தில் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூடவே ஏறியிருந்தாள்.

“ஏஞ்சாமி, வண்டி மக்கர் பண்ணுதா?”

“சூடாயிருச்சுங்கக்கா. கொஞ்சம் ஆறட்டும்.”

பாப்பாயி அவன் கைகளைப் பார்த்தாள். ஸ்டியரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

“வண்டி சூடாவல கண்ணு. நீதான் வேர்த்து ஊத்துற.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. லாரியிலிருந்த மாற்று டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்து, செங்கோடனின் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், “தள்ளி உக்காருண்ணா” என்றான். மீதி வளைவுகள் முழுவதும் செங்கோடன் தன் வண்டியிலேயே, பாப்பாயிக்கும் யாரோ ஒருவனுக்கும் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து இறங்கினான்.

அவன் மலையேறி வருவதற்குள் செய்தி ஏறிவிட்டிருந்தது. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வண்டி எடுத்தானாம், கை நடுங்கியதாம். வண்டியின் சொந்தக்காரர் மணிவண்ணன் பழக்கடை வாசலில் நின்று சாவிக்குக் கையை நீட்டினார். “கோவிச்சுக்காத செங்கோடா. சனம் ஏறுற வண்டி” என்றார். குடிக்கவில்லை என்று செங்கோடன் சொல்லவில்லை. குடித்தேன் என்று ஒப்புக்கொள்வது, பயந்துவிட்டேன் என்று சொல்வதைவிட எளிதாக இருந்தது.

மழைக்காலத்திலிருந்தே அவனுக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. முதலில் பசி. சாமைச் சோறு ஒரு குண்டான் இறங்கும். கை கழுவிவிட்டு வரும்போதே மறுபடி வயிறு கேட்கும். தின்ற சோறெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. சட்டை தோளிலிருந்து வழிந்தது, அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்கவில்லை. ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் குளிரில் அவன் மேல்சட்டை இல்லாமல் சிமெண்டுத் தரையில் படுத்தான். காதைத் தலையணையில் வைத்தால் நெஞ்சு ஓடும் சத்தம் கேட்கும். மேட்டில் ஓடுகிறவனுக்கு அடிக்கிற மாதிரி, படுத்திருக்கிறவனுக்கு. கண்ணாடியில் பார்த்தால், யாரோ அப்போதுதான் பின்னாலிருந்து கத்தியதைப் போல அவன் கண்கள் விரிந்திருந்தன. கழுத்தில் ஒரு தடிப்பு. சட்டையின் மேல் பொத்தான் போட முடியாமல் போனபோது துண்டைச் சுற்றிக்கொண்டான். பெரிய வியாதி ஏதோ உள்ளே கூடு கட்டிவிட்டது என்றும், ஆஸ்பத்திரிக்குப் போனால் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள் என்றும், பெயர் வைக்கும்வரை அது முழுசாக வந்துவிடவில்லை என்றும் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

எல்லாவற்றையும்விட, பயம். குக்கர் விசிலுக்குப் பயந்தான். நாய் குரைத்தால் எழுந்து நின்றான். போன் அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று கை எடுக்கத் தயங்கியது. பயம் முதலில் வந்தது. எதற்கு என்ற காரணம் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

சாவி போன மறுநாள் அது நடந்தது. அவன் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் மகள் சத்யா, மூன்றாம் வகுப்பு படிக்கிறவள், அவனுக்குப் பின்னால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். செம்பு கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் அவன் மண்டைக்குள் வெடித்தது. திரும்பியது தெரியும். கை ஓங்கியது தெரியாது. குழந்தையின் கன்னத்தில் விரல் பதிந்ததைப் பார்த்தபிறகுதான் அடித்திருக்கிறோம் என்பதே தெரிந்தது. அதுவரை அவளை அவன் அடித்ததே இல்லை. அவள் அழவில்லை. செம்பை எடுத்து மேடையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனாள். சாயங்காலம் கொடியில் கிடந்த துண்டை எடுக்க அவன் கையைத் தூக்கியபோது, தள்ளி நின்றிருந்த சத்யா இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு குனிந்தாள்.

துண்டு அவன் கையிலேயே இருந்தது. உள்ளே போய் மனைவி தேன்மொழியிடம் சொன்னான்: “என்னய எங்கியாச்சும் கூட்டிட்டுப் போ. எனக்கு என்னமோ ஆயிட்டு இருக்குது.”

செம்மேட்டு அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கோகிலா முதலில் குடியைப் பற்றித்தான் கேட்டார்.

“இல்லீங்க” என்றான்.

டாக்டர் தேன்மொழியைப் பார்த்தார். தேன்மொழி தன் பையின் காதைத் திருகிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்த மௌனம் அவன் மேல் சுடுதண்ணீர் போல விழுந்தது. இவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

டாக்டர் அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தார். ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் எழுந்து அவன் பின்னால் வந்து கழுத்தை விரல்களால் மெல்லத் தடவினார். செங்கோடனின் மூச்சு நின்றது.

“பயப்படாதீங்க.”

“அதைத்தானுங்க என்னால முடியல” என்றான். சொன்னதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்காகவும் வெட்கப்பட்டான்.

இரத்தம் எடுத்து மலைக்குக் கீழே சோதனைக்கு அனுப்பினார்கள். படபடப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முடிவு வரும்வரையிலான நாட்களில் அவன் வீட்டுக்குள் சத்யா இருக்கும் பக்கம் போகவில்லை. அவள் முன்கதவால் வந்தால் அவன் பின்கதவால் மிளகுத் தோட்டத்துக்குப் போனான். கைகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, கொடி ஏறிய மரங்களுக்கிடையே நடந்தான். தன் கை தனக்குத் தெரியாமல் போய்விடும் என்பதுதான் இப்போது அவனுடைய பெரிய பயம். சாவது அதற்கு அடுத்ததாகத்தான் இருந்தது.

முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், “தைராய்டு. இந்த இடத்துல, பட்டாம்பூச்சி ரெக்கையை விரிச்ச மாதிரி ஒரு சுரப்பி. அதுல சுரக்கறது ரத்தத்துல கலந்து உடம்பு பூரா போகும். நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்கணும், சோறு எவ்வளவு சீக்கிரம் எரியணும், உடம்பு எவ்வளவு சூடா இருக்கணும், எல்லாத்துக்கும் வேகம் வைக்கிறது அதுதான். உங்களுக்கு அது தேவைக்கு மேல சுரக்குது.”

“அதை நிறுத்தறதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?”

“இருக்கு. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல இன்னொரு சுரப்பி. கழுத்துல கம்மியானா ‘சுர’ன்னு சொல்லும், ஜாஸ்தியானா தான் அடங்கிக்கும். உங்க ரிப்போர்ட்ல அது எப்பவோ அடங்கிப் போச்சு. ஆனா உங்க உடம்புல நோயை எதிர்க்கிற சக்தி இருக்குதே, அது ஆள் மாறிப் போய் கழுத்துல இருக்கறதைத் தூண்டிவிட்டுட்டே இருக்கு.”

“நியூட்ரல்ல நிக்குற வண்டி ரேஸ் ஆவற மாதிரிங்களா?”

“கிட்டத்தட்ட.”

“அப்ப அந்தப் பயம்?”

டாக்டர் பேனாவை மூடினார். “பயந்தா நெஞ்சு அடிக்கும். நெஞ்சு சும்மா கிடந்து அடிச்சாலும் மனசு சும்மா இருக்காது, எதுக்கோ பயப்படறோம்னு நெனச்சுக்கும். கண்ணுல ரோடு பட்டா ரோட்டு மேல பயம். சத்தம் கேட்டா சத்தத்து மேல. கோவமும் அப்படித்தான். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச வாரம் ஆகும். ஒரு வேளையும் விடக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது.”

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். அவனுக்கு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. பெயர் வைத்துவிட்டார்கள், அந்தப் பெயர் சாவு இல்லை. பேசிக்கொண்டே வந்தான். தான் குடிகாரன் இல்லை, கோழை இல்லை, எல்லாம் கழுத்துக்குள் இருக்கும் ஒரு சதைத் துண்டு செய்த வேலை. மணிவண்ணனிடம் போய் இந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும். தேன்மொழி பதில் பேசாமல் நடந்தாள். சந்தைக்கு வந்த கூட்டத்தைத் தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் நின்றாள்.

“ஏனுங்க, பாப்பாவை அடிச்சது அந்தச் சுரப்பிங்களா, நீங்களாங்க?”

அவன் கையிலிருந்த காகிதத்தை மடித்தான்.

“கட்டிலுக்கு அடியில ஒரு பை இருக்குது. அவ துணியும் என் துணியும் எடுத்து வெச்சிருந்தனுங்க. திண்ணனூருக்கு எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிரலாம்னு. நீங்க கூட்டிட்டுப் போன்னு கேக்காம இருந்திருந்தா இந்நேரம் போயிருப்பேன்.” அவள் குரலில் கோபமில்லை. “உங்க கண்ணைப் பாத்தா எனக்கே பயமா இருந்துச்சுங்க.”

பஸ் வந்தது. இருவரும் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தன் வீட்டில் இத்தனை மாதமாக இன்னும் இரண்டு பேர் பயந்துகொண்டிருந்தார்கள் என்பதும், அவர்களுடைய பயம் எந்தச் சுரப்பியிலிருந்தும் வரவில்லை, தன்னிடமிருந்து வந்தது என்பதும் வீடு வரும்வரை அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மாத்திரை மெதுவாக வேலை செய்தது. ஒரு விடியற்காலையில் அவனுக்குக் குளிரெடுத்தது. கம்பளி கேட்டான். தேன்மொழி போர்த்திவிட்டு, அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பசி அடங்கியது. விரல்கள் நின்றன. நாய் குரைத்தால் நாய் குரைக்கிறது என்று மட்டும் தோன்றியது. மணிவண்ணன் ஒரு சீப்பு மலைவாழையோடு வந்து, “தெரியாம பேசிட்டேன். டாக்டரம்மா சொன்னதும் வந்துரு” என்றார். செங்கோடன் தலையாட்டினான். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான் அது. ஆனால் புதிதாக ஒன்று அவனை அரித்தது. இந்த அமைதி மாத்திரையிலிருந்து வருகிறதென்றால், முன்பெல்லாம் மழையிலும் பனியிலும் அலட்சியமாக வண்டி இறக்கினானே, அந்தத் தைரியம்? தன்னுடையது என்று ஊரெல்லாம் பெருமை பேசிய அதுவும் கழுத்துக்குள் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றப்பட்டதுதானா? அப்படியென்றால் நான் என்று இதில் எது? அந்தக் கேள்விக்கு நெஞ்சு வேகமாக அடிக்கவில்லை. அடிக்காமலே பயமாக இருந்தது.

தை பிறந்து மிளகு பறிப்பு தொடங்கியது. தேன்மொழி ஏணியோடு தோட்டத்துக்குள் போய்விட, பறித்த மிளகை வாசலில் படுதா விரித்துக் காயப்போடுவது அவன் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த சத்யா படுதாவின் மறுகோடியில் உட்கார்ந்து காம்பு பொறுக்கினாள். அவன் கை நீண்டாலும் எட்டாத தூரத்தை அவள் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தாள். அவன் ஒரு பக்கம் துழாவினால் அவள் அடுத்த பக்கம் நகர்வாள். இருவருக்கும் நடுவே பச்சை மிளகு வெயிலில் கறுத்துக்கொண்டிருந்தது.

“பாப்பா.”

அவள் நிமிரவில்லை.

“அன்னிக்கி உன்னய அடிச்சனல்ல. அப்பாவுக்குக் கழுத்துல ஒரு நோவு. அந்த நோவுதான்...” அங்கே அவனால் மேலே போக முடியவில்லை. மறுபடி தொடங்கினான். “அப்பாதான் அடிச்சேன் கண்ணு.”

“அம்மா சொன்னாங்க. உள்ள பட்டாம்பூச்சி இருக்குதாம்.”

“ம்.”

“அது மறுக்காவும் அப்படி ஆவுங்களாப்பா?”

ஆகாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மாத்திரையை நிறுத்தியபிறகு சிலருக்குத் திரும்பி வருவதுண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். “தெரியல கண்ணு” என்றான். “மாத்திரை ஒழுங்கா தின்னா ஆவாதுன்னுதான் சொல்றாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குது.”

சத்யா அவனையே பார்த்தாள். பெரியவர்கள் சொல்லக்கூடாத எதையோ அவன் சொல்லிவிட்டது போல. பிறகு எழுந்து, மிளகை மிதிக்காமல் படுதாவின் ஓரமாகச் சுற்றி வந்து, அவனுக்கு முன்னால் நின்றாள். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான். அவள் கையை நீட்டி, பாதி வழியில் நிறுத்தி, மறுபடி நீட்டி, மிளகின் கறை படிந்த விரல்களை அவன் தொண்டையில் வைத்தாள்.

“துடிக்குதுங்கப்பா.”

தோட்டத்துக்குள்ளிருந்து தேன்மொழி ஏதோ கேட்டுக் கூப்பிட்டாள். பள்ளத்திலிருந்து பனி ஏறி வாசலின் விளிம்பைத் தொட்டுவிட்டது. மிளகை அள்ளியாக வேண்டும். அவன் வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. விழுங்கினால் கழுத்து அசையும். விழுங்காமல், அந்தச் சின்ன விரல்களுக்கு அடியில், அசையாமல் உட்கார்ந்திருந்தான்.