தும்மிய சம்மனசு

புனித யோவான் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஃப்ளாரன்ஸில் ஆற்றுக்குத் தென்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாமனாரின் கடையில் மாட்டுக்குடல் அலசியே தலை நரைத்த பால்தாசாரேவுக்குத் திடீரென்று ஓவிய ஆசை பிடித்தது.

"மிக்கேல் திருநாளுக்குள்ள கோயில் பீடத்துக்கு ஒரு சம்மனசு வரை. சாமியார் ஒத்துக்கிட்டா நீ ஓவியன். இல்லேன்னா குடல் வாளி காத்திருக்கு" என்று மாமனார் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

எண்ணெய் வண்ணம் அவனுக்கு வசப்படவில்லை. தேவதூதனுக்குச் சிறகு வரைந்தால் முட்டைக்கோஸ் வந்தது. முகம் ஒருநாள் தப்பித்தவறி நன்றாக அமைந்தது; காய்வதற்குள் பூனை அதன்மேல் படுத்தது. அப்புறம் அந்தப் பூனை விலாவில் தெய்வீகப் புன்னகையோடு தெருவெல்லாம் திரிந்தது.

உயிரை வாங்கியது துணிமடிப்புதான். மற்ற ஓவியர்கள் துணியைச் சாந்துக் குழம்பில் நனைத்து மரப்பொம்மைக்குப் போர்த்துவார்கள். மடிப்பு இறுகி நிற்கும், ஆற அமரப் பார்த்து வரையலாம். பொம்மைக்கு வக்கில்லாத பால்தாசாரே, மனைவியின் தம்பி நெல்லோவைப் பிடித்தான். மனிதர்களில் மரத்துக்கு மிக நெருங்கியவன் அவன்தான்.

"சும்மா நிக்கணும், அவ்வளவுதானே மச்சான்?"

"ஆமா மாப்ளே. உனக்குப் பழகின வேலைதான். முடிஞ்சதும் ஒரு குடம் ஒயின்."

முதுகில் வாத்துச் சிறகைக் கட்டி, ஈரத்துணியை முக்காடு போட்டுச் சுற்றினான். முகமெல்லாம் சாந்து வழிந்தது. நெல்லோ நின்றபடியே தூங்கிப்போனான். எண்ணெய் வண்ணம் காய வாரக்கணக்காகும்; சாந்து ஒரு செபமாலை சொல்வதற்குள் இறுகிவிடும். பால்தாசாரே இதை யோசிக்கவில்லை.

"மச்சான், காலை அசைக்க முடியலையே!"

"அசையாதேடா! முழங்கால் மடிப்பு இப்பத்தான் அழகா வந்திருக்கு."

அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் உள்ளே வந்தார். ஓவியத்தைப் பார்த்தார், முகம் சுளித்தார். நெல்லோவைப் பார்த்தார், மண்டியிட்டார்.

"அட பாவி, சிலையாவே செஞ்சுட்டியா! சொல்லவேயில்லையே?"

பால்தாசாரேவின் மூக்கில் பழைய வாளி நாறியது.

"நீங்களே பார்த்து அசந்துபோகணும்னுதான், சாமி."

மாட்டுவண்டியில் ஏற்றிப் பீடத்தருகே நிறுத்தினார்கள். குடத்தை நினைத்து நெல்லோவும் மூச்சுவிடவில்லை. திருநாள் பூசையில் சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. தும்மினான் பாருங்கள்! சாந்து வெடித்துச் சிதறியது, சிறகு விரிந்தது, ஆள் எழும்பிச் சன்னல் வழியே பறந்து எதிர் ஒயின் கடையில் இறங்கினான்.

"மச்சான் சொன்ன குடம் எங்கே?"

கோயிலில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மாமனார் தேம்பித் தேம்பி அழுதார்.

"பறக்குற சம்மனசைப் படைச்சவன் ஓவியன் இல்லாம வேற யாருப்பா?" என்றார் சாமியார். பால்தாசாரே அதற்குப் பிறகு வாளியைத் தொடவேயில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம்: அவன் மனைவி, பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளை; தம்பி என்று அவளுக்கு யாரும் பிறந்ததேயில்லை.