கயிற்றுக்கு உள்ளே

அம்மா தீ மிதிக்கிற படம் ஒன்றுகூட என்னிடம் உருப்படியாக இல்லை. கொடகவெலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணமோ சடங்கோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, எதுவானாலும் படம் பிடிக்கத் துஷ்யந்தியைக் கூப்பிடு என்கிறார்கள். அந்தத் துஷ்யந்தியை, அதாவது என்னை, பெற்ற மூக்காயி பூக்குழியில் இறங்கிய முதல் வருஷத்துப் படத்தில் மஞ்சளாக ஒரு கலங்கல்தான் இருக்கிறது. இரண்டாம் வருஷத்துப் படத்தில் எவனோ ஒருவனின் முழங்கை இருக்கிறது. அந்தப் படங்களைக் காட்டச் சொல்லி யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது மூன்றாவது வருஷம். கடைசியும் இதுதான். எலிக்காய்ச்சல் வந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நான் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன் என்று அம்மா எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன். அம்மா நடக்கத் தொடங்கினாள். எனக்காக ஒருத்தி தணலில் நடந்து வருகிறாளே, அப்போது அவள் முகம் எப்படி இருக்கும்? அதை நான் பார்த்துவிட வேண்டும், பிடித்தும் வைத்துவிட வேண்டும். இந்தப் பங்குனியில் விட்டால் பிறகு கிடைக்காது.

முதல் வருஷத்துக் குற்றவாளி என் ஸூம் லென்ஸ். கேமராவோடு சேர்த்து வாங்கிய மலிவு லென்ஸ் அது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும்போது அதன் கண் சுருங்கிவிடும், வெளிச்சம் போதாது. எங்கள் பக்கத்தில் பங்குனிப் பின்னேரம் என்றால் மழை இருட்டு. சுற்றிலும் றப்பர் மரம். அதற்கு மேல் புகை. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா நடந்து முடித்துவிட்டாள்.

அதனால்தான் கொடகவெல டவுனில் கேமராக் கடை வைத்திருக்கும் றம்ஸீன் நானாவிடம் போனேன். கொழும்பில் ஒரு பத்திரிகைக்காரர் பாவித்த பெரிய ஸூம் லென்ஸ் ஒன்று அவர் கடைக்கு விற்பனைக்கு வந்திருந்தது. எவ்வளவு இழுத்தாலும் கண் சுருங்காத ஜாதி. கையில் வாங்கியதும் மணிக்கட்டு இறங்கிவிட்டது. கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

“இது ஈக்கிதே தங்கச்சி, இருட்டில ஓடுற பூனயயும் புடிக்கும்,” என்றார் நானா. “கொண்டு போய் படம் அடிச்சிப் பாருங்கோ. புடிச்சா எடுங்கோ, இல்லாட்டி திருப்பிக் கொண்டாங்கோ. வேற ஒராளும் கேட்டுக்கிட்டு ஈக்கிறார், நாள் கடத்த வேணாம்.”

சேர்த்து வைத்ததெல்லாம் அதற்கே போய்விடும். போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் கீழ் ரோட்டில் நின்றுகொண்டு, மேலே மலையில் றப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பிடித்துப் பார்த்தேன். அடேயப்பா! பட்டையில் கத்தி போன வழியும் செரட்டையில் சொட்டுகிற பாலும் தெரிந்தன. அம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்ததுகூட உதட்டில் தெரிந்தது. வேலைவெட்டி இல்லாமல் ரோட்டில் நிற்கிற என்னைத்தான் திட்டினாள் என்று பிறகு தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இடத்திலேயே லென்ஸை வாங்குவது என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு பின்னேரம் வரைக்கும்தான் தாங்கியது. கோயில் பிட்டி மைதானத்தில் ஒத்திகை பார்க்கலாம் என்று என் சித்தி மகள் சசியை இழுத்துக்கொண்டு போனேன். தீ மிதிப்பு அன்று பூக்குழியைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர்கள்தான் கயிற்றுக்கு உள்ளே. மற்றச் சனமெல்லாம் இரண்டு பக்கமும் கயிற்றுக்கு வெளியே. டவுனிலிருந்து வருகிற கேமராக்காரர்களும் வெளியேதான். நான் போன வருஷம் நின்ற இடத்தில் நின்று, சசியைக் கயிற்றோரம் நிறுத்தி, எல்லாரையும்போலப் போனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

படம் அற்புதமாக வந்தது. சசியின் முழங்கையில் கொசு கடித்த தழும்புகூட விழுந்திருந்தது.

“கொஞ்சம் அங்கிட்டு தள்ளு சசி,” என்றேன்.

“நான் தள்ளுவேன்க்கா. திருவிழா அன்னிக்கி அம்புட்டு சனமும் தள்ளுமா?” என்றாள்.

தள்ளாது. சரி, தள்ளுகிறது என்றே வைத்துக்கொள்வோம். சசியை இன்னும் தணல் போடாத குழிக்குள் நடக்கச் சொல்லி மறுபடியும் பிடித்தேன். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவளுக்கு என்ன வரும்? ஒரு காதும் ஒரு கன்னமும் வந்தன. நல்ல சுத்தமான, துல்லியமான காது. அம்மன் குழிக்கு அந்தக் கோடியில் இருப்பாள். மிதிக்கிறவர்கள் அவளைப் பார்த்துத்தான் நடப்பார்கள். அந்த முகம் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் அந்தக் கோடியில், தீயிலிருந்து ஏறுகிறவர்கள் கால் வைக்கிற பால்குழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அது கயிற்றுக்கு உள்ளே.

நேரே இருளப்பன் மாமாவைத் தேடிப் போனேன். அவர் வருஷம் முழுக்க ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், றப்பர் ஷீட் அடிக்கிறவர், திருவிழாவுக்கு எங்கள் பூசாரி.

“மாமா, பால்குழிகிட்ட ஒரு ஓரமா நின்னுக்கிறேன். யாருக்கும் எடஞ்சல் இல்லாம.”

“காப்புக் கட்டாத ஆளு உள்ளுக்கு வர ஏலாது. என் பொஞ்சாதியே வெளியிலதான் நிக்கிறா.”

“அப்ப எனக்கும் காப்புக் கட்டுங்க.”

அவர் ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கட்டுனா எறங்கணும். படம் புடிக்க ஒரு காப்பு, தீ மிதிக்க ஒரு காப்புன்னு நம்ம கோயில்ல கெடயாது.”

“எறங்குறேன்.”

யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது, மனசு மெல்லப் பின்னால் வந்தது. ஆனால் வந்து சேர்ந்த பிறகு அதுவும் அதையேதான் சொன்னது.

“கேமராவக் கொண்டு எறங்கலாமா மாமா?”

“கரகம் தூக்குறாங்க, புள்ளயத் தூக்குறாங்க. நீ அதத் தூக்குற. இந்த வாரு மட்டும் வேணாம், தோலு. அவுத்துட்டு வா.”

வீட்டில்தான் நெருப்பு முதலில் மூண்டது. அம்மா கையிலிருந்த கரண்டியைத் தரையில் போட்டாள்.

“ஒனக்கு என்னா பைத்தியமாடி? நீ நல்லா இருக்கணும்னு நான் நெருப்புல எறங்குறேன். நீயே எறங்குனா அப்புறம் நான் யாருக்கு எறங்குறது? கேவலம் ஒரு போட்டோவுக்கு!”

“கேவலமா? நீ எனக்காக நடக்குறத நான் ஒருக்காவாவது ஒழுங்கா பாத்தேனா? ரெண்டு வருசமா ஒன் காதத்தான் பாக்குறேன்.”

“பூசாரிகிட்டப் போயி இல்லன்னு சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். எனக்கு அது நெருப்பைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பின்வாங்குகிற எண்ணம் வரவில்லை. பிடிவாதம் அவளிடமிருந்து வந்ததுதானே.

லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்து றம்ஸீன் நானாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முன்னாலும் பின்னாலும் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் தங்கச்சி, லென்ஸ் சரியில்லயா?”

“லென்ஸ் தங்கம் நானா. நான் நிக்கிற எடந்தான் சரியில்ல.”

“எடம் நான் விக்கிறல்லயே.”

“அதான் நானே எடுத்துக்கப் போறேன்.” விஷயத்தைச் சொன்னேன்.

அவர் வாயைப் பிளந்துவிட்டார். “நெருப்புலயா? அல்லாவே! கேமரா உருகினா இங்க கொண்டு வந்து வாரண்டி கேக்க வேணாம், இப்பவே சொல்லிட்டன்.” பிறகு கதவுவரை வந்து, “பாத்துப் போங்கோ,” என்றார். அந்த லென்ஸை அன்றைக்கே மற்ற ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது.

கொடியேறிய அன்று அம்மாவுக்கு அடுத்ததாக நின்று காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறியபோது அம்மா வேறு பக்கம் பார்த்தாள். விரதக்காரருக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. போன வருஷம் வரை அதில் ஒருத்திக்குத்தான் சோறு வேகும். அன்று மத்தியானம் திறந்து பார்த்தால் இரண்டு பேருக்கு இருந்தது. பேசவில்லையே தவிர, அம்மா தன் பழைய மஞ்சள் சேலையில் அகலமாக ஒரு நாடா கிழித்து மடித்துத் தைத்து, கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டும் போயிருந்தாள். இழுத்துப் பார்த்தேன். தோல் வாரைவிடப் பலமாக இருந்தது.

தீ மிதிப்பு அன்று பின்னேரம் எதிர்பார்த்தபடியே மேகம் மூடியது. தூறலும் விழுந்தது. தணலில் துளி விழும் சத்தத்தைத் தப்பு மேளத்தின் சத்தம் அமுக்கியது. கயிற்றுக்கு வெளியே எங்கள் தோட்டத்துச் சனமும், பக்கத்துச் சிங்களக் கிராமத்துச் சனமும் நின்றன. அத்தனை பேர் தலைக்கு மேலும் போன். போன வருஷம் நான் நின்ற இடத்தைப் பார்த்தேன். ஒரே முழங்கைக் காடு. அதற்குள் டவுன் கேமராக்காரன் ஒருவன் பெரிய லென்ஸோடு, “மல்லி, அத்த பஹலட்ட கன்ன!” என்று சிங்களத்தில், கையை இறக்கச் சொல்லி முன்னால் நின்ற பையன்களிடம் கத்திக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது.

கரகத்தோடு இருளப்பன் மாமா முதலில் போனார். அம்மாவுக்கு முன்னால் நான். கிட்டே இருந்து பிடிக்கிற சின்ன லென்ஸைத்தான் மாட்டியிருந்தேன். அம்மா தைத்த நாடாவைக் கழுத்தில் மாட்டி, கேமராவை மஞ்சள் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பயமாக இருந்தது. சூடு காலுக்கு வருவதற்கு முன்னால் முகத்துக்கு வந்தது. ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் ஓடவில்லை. நடந்தேன் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பால்குழியில் கால் பட்டதும்தான் மூச்சை விட்டேன்.

உள்ளங்கால் எரிந்தது. அதைப் பார்க்க நேரமில்லை. ஏறித் திரும்பி, துணியை உருவிக் கேமராவைத் தூக்கினேன். குந்திப் பார்த்தால் புகை மறைத்தது. ஓரமாக நின்றால் மறுபடியும் காதுதான். எழுந்து நட்டநடுவில் நின்றுகொண்டேன். பின்னாலிருந்து யாரோ என்னைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். நான் அசையவில்லை.

அம்மா தணலில் இறங்கினாள். வேப்பிலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் மற்றவர்களைப்போலக் கூவவில்லை, கண்ணை மூடவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல், பால் வெட்ட மலை ஏறுகிற நடையிலேயே வந்தாள். அந்த முகம்! எந்தப் பயமும் இல்லாமல், எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற முகம். என் கண் நிறைந்து வழிந்தது. கண் தெரியாவிட்டாலும் விரல் விடவில்லை. கடைசி அடி வரைக்கும் பிடித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு கோயிலுக்குப் பின்னால் இருவரும் காலில் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேமராத் திரையை அம்மாவிடம் நீட்டினேன். புகை பட்ட கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“பாரும்மா. எப்படி இருக்கு? அம்மனப் பாத்துக்கிட்டே வர்ற மொகம்.”

இத்தனை நாளுக்குப் பிறகு அம்மா வாயைத் திறந்தாள்.

“அம்மன எங்கடி பாத்தேன்? நீதான் நந்தி மாதிரி குறுக்க நின்னு மறச்சிக்கிட்டியே. ஒன்னயப் பாத்துக்கிட்டுத்தான் நடந்தேன்.”

மூன்று வருஷ நேர்த்திக்கடனைக் கடைசி நாளில் கெடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். “அப்ப அம்மா, நேந்தது சேராதா?”

அம்மா என் காலைத் தன் மடியில் இழுத்து வைத்து, கொப்புளம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். “சேராம என்ன. நான் யாருக்கு நேந்தேன்னு அவளுக்குத் தெரியாதா? அதான் ஒன்னய அங்க நிக்க விட்டுட்டா,” என்றாள். பிறகு மிச்ச மஞ்சளை வழித்து என் உள்ளங்காலில் பூசினாள்.