மைதானத்துக்குப் போன பஸ்

என் பெண்டாட்டிக்கு எங்கள் குடும்பத்தில் 'படக்காரி' என்று பெயர். வைத்தது என் அக்கா. மாநில அரசின் பருவநிலைப் பிரிவில் அவளுக்கு வரைபடம் போடுகிற வேலை. வரும் வருஷங்களில் எந்தத் தெருவுக்கு வெள்ளம் வரும், எதற்கு வராது என்று கணக்குப் போட்டு, வருகிற தெருவுக்குச் சிவப்பும் வராத தெருவுக்குப் பச்சையும் அடிப்பாள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். எனக்கும் சிவப்பு, பச்சை இரண்டும்தான் பிழைப்பு என்று அக்கா கிண்டல் செய்வாள்.

திட்டத்தில் எல்லாமே சிவப்புக்குத்தான். புதுக் கால்வாய், அபாயச் சங்கு, மழை வலுத்தால் ஆட்களை ஏற்றிப் போக பஸ். பச்சைக்கு ஒன்றும் கிடையாது. ஆபத்தில்லாத இடத்துக்கு எதற்குச் செலவு என்று கேட்டால் நியாயமாகத்தான் படும்.

அக்காவின் தெரு பச்சை. ஆற்றை ஒட்டிய பள்ளம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற மாடி வீடுகள். அதுவரை தண்ணீர் வாசல்படியை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனதோடு சரி. அக்காவும் மாமாவும் கீழ் வீட்டில் இருந்தார்கள். மாமா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. கனத்த உடம்பு, புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு ஆள் வேண்டும். திட்டம் வெளியான அன்று அக்கா வீடு வீடாகப் போய், "எங்க தம்பி பொண்டாட்டி போட்ட படம், நமக்கு ஒரு பயமும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு நாள் படக்காரி சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"தப்புப் பண்ணிட்டோம்ங்க. செயற்கைக்கோள் மேல இருந்து பாக்குது. அதுக்கு முதல்ல எது கண்ணுல படுதோ அதுதான் உயரம். வீடு இருந்தா மொட்டைமாடி, மரம் இருந்தா மரத்தோட உச்சி. அந்த உயரத்தையெல்லாம் கழிச்சாத்தான் தரை எங்க இருக்குன்னு தெரியும். சட்டசபைல வைக்கணும்னு அவசரப்படுத்தினாங்களா, கழிக்காததை எடுத்துப் போட்டுட்டோம்."

"அதனால?"

"நெருக்கமா வீடு இருக்கற தெருவெல்லாம் மேடுன்னு ஆயிடுச்சு. வெறும் தரையா கிடக்கற இடமெல்லாம் பள்ளம்னு ஆயிடுச்சு. அண்ணி தெரு பள்ளங்க. மோசமான பள்ளம்."

மறுநாளே தன் பிரிவின் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டாராம். "சட்டசபைல வெச்சாச்சும்மா. இப்ப தப்புன்னா நம்ம எல்லார் தலையும் உருளும். அடுத்த திருத்தத்துல பாத்துக்கலாம்." அடுத்த திருத்தம் ஐந்து வருஷம் கழித்து. எழுதிக் கொடுத்தாள், வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். படித்த மனிதர், பேச்சில் தேன் ஒழுகும். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவிடம் இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அரசாங்கம் அச்சடிச்சுக் கொடுத்தது தப்பு, நீ வாயால சொல்றது சரியா? ஏம்மா படக்காரி, போட்டதும் நீதானே?"

"நான்தான் அண்ணி. அதான் சொல்றேன், மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"இவரைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுறதா? போம்மா. அப்படி ஒண்ணு வந்தா உன் புருஷன் பஸ்ஸை எடுத்துட்டு வரமாட்டானா?"

மாமா சிரித்தார். அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும். வருவேன் என்று நானும் சொன்னேன்.

அந்த வருஷ மழையில் அரசாங்கம் எங்கள் பள்ளிக்கூட பஸ்களை எல்லாம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிவப்பு இடம். எனக்குக் கிடைத்தது விளையாட்டு மைதானம். ஊரிலேயே மேடான இடம் அது. ஆனால் வீடும் இல்லை, மரமும் இல்லை, மொட்டைத் தரை. அதனால் படத்தில் ரத்தச் சிவப்பு.

அங்கே பொறுப்பாக ஓர் அதிகாரி. தலையில் பிளாஸ்டிக் பையைத் தொப்பியாகக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி வந்ததும் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதுதான் முறையாம். ஆள் ஏற்றாமல் டிரைவர் ஓடிவிடக் கூடாது என்று சாவி அதிகாரியிடம் இருக்கும். ஏறியவர்கள் பட்டியலில் கையெழுத்து ஆன பிறகுதான் திரும்ப வரும்.

"ஏறறதுக்கு ஆளே இல்லையே சார்?"

"வருவாங்க."

"எங்கிருந்து சார் வருவாங்க? கோல் போஸ்ட்டுல இருந்தா?"

அவர் முறைத்தார். மைதானத்தில் ஒரு நாய் இருந்தது. அதுவும் நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அக்கா போன் செய்தாள். "தம்பி, வீட்டுக்குள்ள வந்துடுச்சுடா. கட்டிலுக்குக் கீழ ஓடுது. மாடி வீட்டு ஆளுங்க வேலைக்குப் போயிட்டாங்க, கைப்பிள்ளைக்காரி மட்டும்தான் இருக்கா. என்னால இவரை அசைக்கக்கூட முடியல. நீ வந்துடு."

"வந்துட்டேன்க்கா," என்றேன். சாவி இல்லாமல் சொன்னேன்.

அந்த அதிகாரியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். காலில் விழுந்தேன், எனக்கு அதில் வெட்கமில்லை. "அந்தத் தெரு பச்சைய்யா, அங்க தண்ணி வராது" என்றார். நனைந்த படத்தைப் பிரித்து என் பெண்டாட்டி அடித்த பச்சையை எனக்கே காட்டினார். சட்டையைப் பிடித்தேன். அவர் பயந்துபோய் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். படம் பார்த்துச் சொல்ல அங்கே உட்கார்ந்திருந்தது படக்காரி. போனுக்கு வெளியே கேட்கிற அளவுக்குக் கத்தினாள். "சாவியைக் கொடுங்க. உத்தரவு யாருதுன்னு கேட்டா என் பேரை எழுதிக்குங்க." உத்தரவு போடுகிற பதவியில் அவள் இல்லை. அது அவருக்குத் தெரியாததால் கொடுத்துவிட்டார்.

பாலத்தைத் தாண்டி பஸ் போகவில்லை. இறங்கி நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தேன். அக்கா கட்டிலின் மேல் நின்று, மாமாவின் தலையை மடியளவுக்குத் தூக்கி, பிறகு மார்பளவுக்குத் தூக்கி, பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் போனபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். "மெதுவா வாங்குடா, அவருக்குக் கழுத்து வலிக்கும்" என்றாள். மாமா போய்ச் சேர்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது. அவர் கனம் முழுவதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் இயக்குநர் பேட்டி கொடுத்தார். சிவப்புப் பகுதிகளில் ஓர் உயிர்கூடப் போகவில்லையாம், திட்டம் வெற்றியாம். போவதற்கு அங்கே உயிர் இருந்தால்தானே?

சாவைப் பதிய ஒரு குமாஸ்தா அக்கா வீட்டுக்கு வந்தார். நல்ல மாதிரி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பச்சைப் பகுதில வெள்ளத்துல செத்தாங்கன்னு போட முடியாதும்மா. கம்ப்யூட்டர் எடுத்துக்காது. ரொம்ப நாளா முடியாம இருந்தாருல்ல, நோய்னு போட்டுடலாம். கையெழுத்து மட்டும் போடுங்க."

"தண்ணி வந்துச்சு," என்றாள் படக்காரி. "படம் போட்டவளே நான்தான். நான் சொல்றேன், எழுதுங்க."

"நீங்க சொல்லலாம் மேடம். உங்க ஆபீஸ் சொல்லணுமே."

அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த அவள் தலைக்கு மேலே, சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருந்தது.

"நோய்னே போட்டுக்குங்கய்யா. அவர் எதுல போனா இனி என்ன. தண்ணி இவ்வளவு உசரம் வந்துச்சுன்னு ஒரு வரி சேத்து எழுதுங்க. மேல கைப்பிள்ளையோட ஒருத்தி இருக்கா. அவளுக்காவது அடுத்த தடவை பஸ் வரணும்."

"அதுக்கு இதுல இடமே இல்லையேம்மா."

"அப்ப நான் கையெழுத்துப் போடல."

"போடலைன்னா பதிவு ஆகாது. உதவித்தொகை ஒண்ணும் வராது."

"வேண்டாம்."

படக்காரி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. குமாஸ்தா செருப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை ஆள் வந்தாயிற்று. அக்கா ஒரே பேச்சாக இருக்கிறாள். அடுத்த மழைக்கான கூட்டங்கள் தொடங்கிவிட்டன, அதே படம்தான். மாமா அரசாங்கத்தின் கணக்கில் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறார், பச்சைத் தெருவில், பத்திரமாக.