முப்பத்தோராவது இடம்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கூச்சப்படுத்த வேண்டாம். செவ்வாய்க்கிழமை மாலை எழுத்து வகுப்பில் ஆசிரியை அஸ்லாக் எங்கள் எட்டுப் பேருக்கும் கொடுத்த தலைப்பு: 'போகப் பிடித்த இடம், போகவே பிடிக்காத இடம்.' இரண்டு பக்கம். உண்மையாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

தலைப்பைக் கேட்டதும் நாற்காலியிலேயே துள்ளினேன். ஏனென்றால் என்னிடம் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. இதுவரை போன இடங்கள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: வாசனை, தண்ணீர், கழிப்பறை, உட்காரும் இடம், கிளம்பும்போது மனசு. பத்துக்கு எத்தனை. (பகலில் நகராட்சிக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதைப் பார்த்தாலும் மதிப்பெண் போடுவது தொழில் நோய்.)

2

முதல் தொடக்கம்: 'லிஸ்பன் படிக்கட்டுகளில் மஞ்சள் வெயில் வழிந்தோடியபோது நான்'

வேண்டாம். லிஸ்பன் பன்னிரண்டாம் இடம். அங்கே நான் வெயிலைப் பார்க்கவில்லை, குதிகால் கொப்புளத்தைத்தான் பார்த்தேன்.

இரண்டாம் தொடக்கம்: 'பயணம் என்பது மனிதன் தன்னைத் தானே'

ஐயோ.

மூன்றாம் தொடக்கம், உண்மை: என் முதல் இடம் ஒரு படகு. ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்) இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரை ஹெஸ்த்விக்காவுக்குக் கார்களை ஏற்றிப் போகும் சாதாரணப் படகு. மேல்தளத்தில், இடப்பக்கக் கடைசி ஜன்னல். இருபத்திரண்டு நிமிடம். கையில் ஸ்வேலே: படகுக் கடையில் கல்லிலிருந்து எடுத்து, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்துத் தரும் மெத்தென்ற அப்பம். எஞ்சின் அதிர்வில் காபியில் சின்னச் சின்ன வட்டங்கள். இதை எழுதும்போதே எனக்கு உடனே கிளம்ப வேண்டும்போல் இருக்கிறது. ஐந்து கட்டத்திலும் சேர்த்து நாற்பத்தெட்டு. (கழிப்பறைக்கு இரண்டு குறைத்தேன்.)

முப்பத்தோராவது இடம், அதாவது கடைசி, அந்தப் படகிலிருந்து இறங்கிப் பதினைந்து நிமிடத்தில் வரும். சிக்வேயின் குடும்பக் குடில். மூன்று வருடமாக என்னோடு வாழும் சிக்வே. அங்கே ஓடையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு பரிசோதனைக் குப்பியும் நுண்ணோக்கியும் தேவைப்படும். கழிப்பறை மேட்டின் மேல், கதவு சாத்தாது. மொத்தம் ஏழு.

இரண்டும் ஒரே பயணத்தில். இதுதான் கதை என்று அப்போது நினைத்தேன். இல்லை.

3

குன்வோரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சிக்வேயின் அம்மா. முதல் வரைவில் அவள் உதட்டை 'தைத்து மூடிய பை' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் அதிகம் பேசமாட்டாள் என்பது உண்மை. உதடு சாதாரண உதடுதான்.

குடில் கதவில் அவளுடைய இறந்துபோன கணவர் எழுதிய விதிகள் பதினான்கு இருக்கின்றன. ஆறாவது விதி: 'நோட்டில் எழுதாமல் யாரும் கிளம்பக்கூடாது.' கறுப்பு அட்டை, சிவப்பு மூலை, தடித்த நோட்டு. எங்கள் நாட்டில் எந்தக் குடிலுக்குப் போனாலும் இதே நோட்டுதான் மேசையில் கிடக்கும். எழுதுவதும் ஒன்றேதான்: தேதி, வானிலை, மீன், நன்றி. (வகுப்புக்காக நானும் அதே நோட்டைத்தான் வாங்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர்கள் இப்படி வெளிப்படையாகச் சொல்லக்கூடாது என்கிறாள் அஸ்லாக்.)

போன ஞாயிறு, கிளம்பும் நேரம்.

"என்ன திரில், நோட்டுல எழுதிட்டியா?" என்றாள் குன்வோர். (திரில் என் பெயர்.)

"எழுதிட்டேன், குன்வோர்."

"வழக்கம்போல 'மழை, நல்ல காபி, நன்றி'யா?"

"இந்தத் தடவை வெயில்."

"ஓஹோ! அப்பப் பெரிய கட்டுரைதான்."

சிக்வே சிரித்தான். குன்வோர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்: "எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. சுவருக்குப் பெயின்ட் அடிச்சது போதும். இந்தக் கோடையிலயே குடிலை உங்க ரெண்டு பேர் பேருக்கும் எழுதி வெச்சிடறேன்."

சிக்வே அம்மாவைத் தூக்கியே விட்டான். "திரில், கேட்டியா? நம்ம குடில்! வாரா வாரம் வரலாம்!"

"அருமை" என்றேன்.*

* மூன்று வருடத்தில் பதினேழு முறை அந்த நோட்டில் நன்றி எழுதியிருக்கிறேன். பதினெட்டாவது முறை வாய் தானாகவே எழுதிவிட்டது.

4

செவ்வாய் மாலை. என் முறை. எழுந்தேன், நோட்டைத் திறந்தேன், படிக்க ஆரம்பித்தேன்.

"ஜூலை பன்னிரண்டு. மழை. விறகு நனைந்துவிட்டது. இரண்டு காட் மீன். நன்றி. ஜூலை பதிமூன்று. மழை. மீன் இல்லை. நன்றி."

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தத் தெரியவில்லை. இன்னும் நான்கு நாள் படித்தேன். எல்லாம் மழை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அஸ்லாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"திரில்! பிடிக்காத இடத்தைப் பத்திப் பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லாமலே சொல்லிட்டியே. இந்த வருஷத்துலயே நீ எழுதினதுல இதுதான் பெஸ்ட்."

அது நான் எழுதியதல்ல. ஞாயிறு கிளம்பும் அவசரத்தில் மாற்றி எடுத்துவந்த குடில் நோட்டு. அப்படியென்றால் என் நோட்டு, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'பிடித்த இடங்கள், பிடிக்காத இடங்கள்' என்று தலைப்பிட்ட நோட்டு, குடில் மேசையில் கிடக்கிறது. குன்வோர் அன்று காலையிலேயே பெயின்ட் அடிக்க அங்கே போய்விட்டாள். அங்கே போனால் அவள் கைபேசியை அணைத்துவிடுவாள். நான்காவது விதி.

5

புதன் காலை விடுப்பு போட்டேன். படகில் இடப்பக்கக் கடைசி ஜன்னல், ஸ்வேலே, மடியில் குடில் நோட்டு. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் (வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்) ஸ்வேலே நன்றாக இருந்தது.

பயந்தால் நான் எண்ணுவேன். குன்வோரின் கையெழுத்தை மட்டும் எடுத்து எண்ணினேன். 1988 முதல் நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். மழை எழுபத்தொன்று. நன்றி நூற்றுப் பன்னிரண்டு. பிறகுதான் அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு பதிவும் படகில் தொடங்கியது. 'படகில் இடம் கிடைத்தது.' 'படகில் ஸ்வேலே சூடாக இருந்தது.' 'படகு தாமதம், இன்னும் கொஞ்சம் உட்கார முடிந்தது.' குடிலைப் பற்றி? மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு வருடத்தில் ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை!

எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசை லாரி ஓட்டுநர், "என்னம்மா, லாட்டரியா?" என்றார்.

"அதைவிடப் பெருசு!"

ஆனால் படகு கரை தட்டும் நேரத்தில் இன்னொரு பக்கம் திறந்தது. 2001. கோணல் எழுத்து, ஏழு வயது. 'நண்டு பிடிச்சேன். அப்பா நாளைக்கும் இருக்கலாம்னு சொன்னார். இதுதான் உலகத்துலயே நல்ல இடம். சிக்வே.' அந்த நோட்டு முழுவதிலும் யாரோ மனதில் பட்டதை எழுதிய ஒரே பதிவு.

6

இங்கே மூன்று வழிகள் யோசித்தேன்.

அ) குன்வோர் என் நோட்டைத் திறக்கவே இல்லை. நான் நைசாக மாற்றி வைத்துவிடுகிறேன். (அஸ்லாக் இதை ஏற்க மாட்டாள். நானும்தான்.)

ஆ) படித்துவிட்டாள், அழுகிறாள். (குன்வோரா? வாய்ப்பே இல்லை.)

இ) நடந்தது.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் காபி, முழங்காலில் சிவப்புப் பெயின்ட், பக்கத்தில் என் நோட்டு திறந்தபடி.

"நேத்து வந்ததும் எழுதலாம்னு திறந்தேன்" என்றாள். "கழிப்பறைக்கு சைபரா போட்டிருக்க?"

என் நோட்டை எடுக்கக் கை நீட்டினேன், அவள் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நான்னா ஒண்ணு போடுவேன். அங்கிருந்து கடல் தெரியுதுல்ல."

"குன்வோர், நான் வந்து... அது வகுப்புக்காக..."

"அப்புறம் அந்தப் படகு. இடது பக்கமா? உனக்கென்ன பைத்தியமா? வலது பக்கம் உக்காரு. கடைக்குப் பக்கம், ஸ்வேலே ஆறாது."

நான் குடில் நோட்டை அவள் மடியில் வைத்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நூத்திப் பன்னிரண்டு தடவை நன்றி எழுதியிருக்கீங்க."

"நீ பதினேழு தடவை எழுதியிருக்கியே! அதை நம்பித்தானே உன் தலையில கட்டலாம்னு பார்த்தேன்." கோப்பையைக் கீழே வைத்தாள். "அவருக்கு இதுதான் உயிர். அவர் போனப்புறம் பையனுக்காக வந்தேன். இதை உன்கிட்டத் தள்ளிட்டு, படகுல மட்டும் போய் உக்காந்துட்டு, இறங்காமலே திரும்பிடலாம்னு இருந்தேன்."

முதலில் யார் சிரித்தோம் என்று தெரியவில்லை. சிரித்து முடித்தபோது எனக்கு விக்கல் எடுத்தது. அவள் ஒரு கோப்பையில் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்தாள். இருவரும் அந்தக் கோப்பையைப் பார்த்தோம். மறுபடி சிரித்தோம்.

பிறகு நான் 2001-ஐக் காட்டினேன்.

அவள் அந்தக் கோணல் எழுத்தை விரல் வைத்துப் படித்தாள். "அவன் ஆறு மணிப் படகுல வரான், பெயின்ட் அடிக்க" என்றாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

7

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நடந்ததை எழுதலாமே என்பீர்கள். எழுதியவை ஆறு வரைவுகள். ஒவ்வொன்றிலும் சிக்வேயின் முகம் வேறு மாதிரி. ஒன்றில் அவன் தனியாகக் குடிலை வைத்துக்கொள்கிறான், நாங்கள் இருவரும் அவனைப் படகுவரை கொண்டுவந்து விடுகிறோம். ஒன்றில் அவன் என்னிடம், 'மூணு வருஷமா நடிச்சியா?' என்று

முடிக்க முடியவில்லை.

ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மணி ஏழு ஆகவில்லை, வெயில் இன்னும் கூரைமேல். கரையில் படகு வாய் திறந்து கார்களை இறக்கிவிட்டிருந்தது. எங்கள் சரளைப் பாதையில் டயர் சத்தம். குன்வோர் குடில் நோட்டைத் திறந்து என்னிடம் பேனாவை நீட்டினாள்.

"ஆறாவது விதி" என்றாள். "எழுது. அவன் வந்ததும் முதல்ல நோட்டைத்தான் பார்ப்பான்."

தேதி போட்டேன். வெயில் என்று எழுதினேன். மீன் இல்லை என்று எழுதினேன். கார்க் கதவு சாத்தும் சத்தம். "அம்மா! திரில்! ரெண்டு பேரும் இங்கயா?" அவன் குரலில் அத்தனை சந்தோஷம்.

நான்காவது வரி காலியாக இருக்கிறது. பேனாவை உங்களிடம் தருகிறேன். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது உங்களுக்கு நினைவிருக்கட்டும். மற்றபடி எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். 'நன்றி' மட்டும் வேண்டாம்.