எட்டுக்குள் இருந்த வண்ணாத்திப்பூச்சி

உயர்தர வகுப்புச் சித்திரப் பாடத்துக்கு யோகலிங்கம் சேர் கொடுத்த ஒப்படை, வண்ணாத்திப்பூச்சி. கீறினால் மட்டும் போதாது. அதைக் கீறிய மூன்று ஓவியர்களைத் தேடிப் பிடித்து, அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்றும் எழுத வேண்டும். அதற்கென்று ஒரு படிவமும் தந்திருந்தார். பெயர், ஊர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்று ஆளுக்கு நான்கு கட்டங்கள்.

இரண்டு பேரைப் புஸ்பராணி நூலகத்தில், மழை நனைத்த ஒரு தடித்த புத்தகத்தில் கண்டுபிடித்தாள். ஒருவர் பட்டுத்துணியில் கீறிய ஜப்பான்காரர். மற்றவர், புழுவையும் பூச்சியையும் ஒரே இலையில் வைத்துக் கீறிய ஐரோப்பியப் பெண். இருவரும் செத்து நெடுங்காலம். கட்டங்கள் தடங்கலில்லாமல் நிறைந்தன.

மூன்றாவது பெயரை அவள் முதல் நாளே மனதில் எழுதிவிட்டாள். தவராசா, திருகோணமலை, 1968.

தவராசா அவளுடைய அண்ணன். துறைமுகப் பக்கத்து வள்ளங்களுக்கு இலக்கம் எழுதுகிறவனாக இருந்தான். இலக்கத்தில் எட்டு வந்தால் அவனுக்குக் கை துறுதுறுக்கும். எட்டின் இரண்டு வட்டங்களுக்குள்ளும் மஞ்சளும் நீலமும் நிரப்பி, இடுப்பில் இரண்டு மீசை வைத்துவிடுவான். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் வண்ணாத்திப்பூச்சி. சின்ன வயதில் அவள் கரை நெடுகத் தலையைச் சாய்த்தபடியே நடப்பாள். "கழுத்துச் சுளுக்கினால் அம்மாட்டை என்னைக் கோள் மூட்டாதை," என்பான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம் இராணுவச் சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள். அம்மா குணேஸ்வரி ஏறாத முகாம் இல்லை. எல்லா வாசலிலும் ஒரே பதில்தான், அப்படி ஒருவர் இங்கே இல்லை. மூன்று வருடமாக வீட்டில் அவன் படத்துக்கு மாலை இல்லை. அவனுக்கு இறால் பிடிக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். பிடித்தது என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

அண்ணன் கீறியதில் ஒன்றையாவது பார்த்து வரைய வேண்டுமென்று, ஒரு சனிக்கிழமை புஸ்பராணி பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கிண்ணியாவுக்குக் கடந்தாள். அபூதாஹிர் என்பவரின் வள்ளத்து இலக்கத்தில் இரண்டு எட்டு. தென்னைகளுக்குக் கீழே அது கவிழ்ந்து கிடந்தது. முழுக்கச் சாம்பல் நிறம். அவள் தவராசாவின் தங்கை என்று தெரிந்ததும் அபூதாஹிர் அந்தச் சாம்பல் பூச்சின்மேல் கையை வைத்தார்.

"அழிச்சது நான்தான் புள்ள," என்றார். "உங்கட அண்ணன் புடிபட்டு மூணாம் நாள். இத ஆரு கீறின எண்டு ஆமி கேட்டா என்ன சொல்ற எண்டு பயந்துட்டேன்."

அவள் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இலக்கம் இருந்த இடத்தில் வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தாள். சாம்பலுக்குக் கீழே பழைய வர்ணம் தடித்துக் கிடந்தது. தாளில் முதலில் ஒரு வளைவு வந்தது, பிறகு ஒரு மீசை. மற்ற மீசை வரவில்லை. அபூதாஹிர் தாளின் மூலையைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தத் தாளையே ஒப்படையில் ஒட்டினாள். மூன்றாம் ஓவியரின் கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டாள். வெறுங்கட்டம் இருந்தால் கல்விக் கந்தோரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சேர் இரண்டு தரம் நினைவூட்டினார். ஓம் சேர் என்றாள். எழுதவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒப்படை திரும்பி வந்தது. எண்பத்தாறு புள்ளி, வகுப்பில் அதுதான் ஆகக் கூடியது. வீட்டுக்கு வந்து விரித்தபோதுதான் கண்டாள். அவள் விட்ட கட்டத்தில், சேரின் வடிவான கையெழுத்தில், சிவப்பு மையில் 1990.

பிள்ளைக்கு எழுத மனம் வரவில்லை, நாங்களாவது நிரப்பிவிடுவோம் என்று நினைத்திருப்பார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஆண்டுதானே. ஆனால் அதை ஒரு தாளில் எழுதியவர் இதுவரை யாருமில்லை.

மூடுவதற்குள் அம்மா பின்னால் வந்து நின்றாள். பென்சில் தேய்ப்பைப் பார்த்தாள், தலையைச் சாய்த்து. பிறகு கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். சிவப்புக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது ஆர் எழுதினது?"

"சேர்."

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அம்மா அழுவாள் என்று புஸ்பராணி காத்திருந்தாள்.

"அவருக்கு ஆர் சொன்னது?"

புஸ்பராணிக்கு முதலில் விளங்கவில்லை. அதற்குள் அம்மா அலுமாரியைத் திறந்து, முகாம்களுக்குப் போகும்போது உடுக்கும் அந்தச் சாம்பல் சேலையை எடுத்துவிட்டாள். மூன்று வருடத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு அவசரத்தை அவள் கண்டதில்லை.

"வா, சேர் வீட்டை போவம். ஆண்டு தெரிஞ்சவருக்கு இடமும் தெரியும். எந்த இடத்திலை எண்டு மட்டும் கேட்டால் போதும்."

அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை அம்மா, சும்மாதான் எழுதினவர் என்ற சொல் புஸ்பராணியின் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அம்மா அந்தச் சேலையைத் திரும்ப மடித்து வைக்க வேண்டும்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அம்மா ஒப்படையை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் நடந்தாள், மிக வேகமாக. சேர் வீடு மூன்றாவது ஒழுங்கையில்தான் இருந்தது.