தண்ணீர் கேட்ட கதை

பழைய அச்சகத் தெருவைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், சுற்றிக் காட்டத் தெருக்காரர்களையே பழக்குங்கள் என்று நகராட்சிக்காரர்கள் பயிற்சி வேலையை அக்காவின் தலையில் கட்டினார்கள். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. வாயே திறக்காத ஆளைக்கூட மேடைப் பேச்சாளராக்கிவிடுவாள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது அவள் தம்பி பெண்டாட்டி. தம்பி போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

ஒத்திகையில் அந்தப் பெண் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். வீட்டுக்காரர் இங்கேதான் வேலையாக இருந்தார், டீ கேட்டார், சர்க்கரையில் கஞ்சத்தனம் பண்ணாதே என்று கத்தினார், டம்ளரோடு திரும்பி வந்தால் விழுந்து கிடக்கிறார். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்காவுக்கு மட்டும் வாத்தியார் புத்தி வேலை செய்தது. சர்க்கரை என்றால் சிரித்துவிடுவார்கள், டீ வேண்டாம், தண்ணீர் கேட்டார் என்று சொல், சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்து என்றாள். கூடப்பிறந்தவனின் கடைசிப் பேச்சில் கை வைக்கிறோமே என்று உறைக்கவே இல்லை, பாவி!

தண்ணீர்க் கதை பிய்த்துக்கொண்டு போனது. வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அக்கா மற்றவர்களுக்கும் அதையே உதாரணமாகச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டாள். தம்பி பெண்டாட்டி "தண்ணி கேட்டாரு" என்றாள். சொல்லிக்கொடுத்த இடத்தில் அப்படியே நிறுத்தினாள், இம்மியும் பிசகவில்லை.  செத்தவன் வாயிலிருந்து டீயைப் பிடுங்கிவிட்டோம் என்று அக்காவுக்கு மனசு அறுத்தது. கூட்டம் கலைந்ததும் நேரே போய், நான் பண்ணினது தப்பு, நாளையிலிருந்து பழையபடி டீ என்றே சொல்லிவிடும்மா என்றாள்.

இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"டீயா கேட்டாரு?"

"ஆமாம்மா. நீதானே சொன்னே."

அவள் துணியை மடித்து இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

"எனக்குத் தண்ணின்னுதான்க்கா ஞாபகம் இருக்கு. கண்ணை மூடினா அவரு குரல்லயே தண்ணின்னுதான் கேக்குது."

அக்கா விடவில்லை. சர்க்கரையைச் சொன்னாள், கஞ்சத்தனத்தைச் சொன்னாள், அவன் கத்தியதைச் சொன்னாள், அன்று ஒத்திகையில் கேட்டதை ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். தம்பி பெண்டாட்டி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது போலவே, மரியாதையாக, "அப்படியாக்கா?" என்றாள்.